கரண்ட் இல்லாமல் ஒரு நாள்: டெல்டாக்காரர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

மாதம் ஒரு நாள் வீட்டில் மின்சாரத்தைத் தொடாமல் இருந்து பார்ப்பது என்று சொன்னால், நம் ஊரில் முதலில் வரும் பதில், "அதான் இபிக்காரங்களே மாசம் ஒரு நாள் நிறுத்திடுறாங்களே" என்பதுதான். துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மின்தடை என்று முதல் நாளே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள். அன்று நாம் என்ன செய்கிறோம்? ஒன்பது மணிக்குள் மோட்டாரைப் போட்டு டேங்க்கை நிரப்புகிறோம். மாவை அரைத்து, துணியைத் தேய்த்து, செல்லுக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறோம். மீதிக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. ஐந்து மணிக்குக் கரண்ட் வந்ததும் விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிடுகிறோம். இப்படிக் கழியும் நாளில் நம் வீட்டு மின்சாரத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிய வருவதில்லை.

நாமே தேதி குறித்து, நாமே சுவிட்சை அணைத்து, காலையிலிருந்து இரவு படுக்கும் வரை இருந்து பார்க்கும் நாள் வேறு மாதிரி. பெரும்பாலும் மார்ச் கடைசிச் சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் விளக்கணைக்கும் எர்த் ஹவர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007இல் சிட்னியில் தொடங்கியது அது. ஒரு மணி நேரம் விளக்கை அணைப்பது எளிது. ஒரு நாள் முழுக்க என்றால் குளிக்க வேண்டும், சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். எதற்கெல்லாம் மின்சாரத்தை நம்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

முதலில் யூனிட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். 1000 வாட் எடுக்கும் ஒரு கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம், பழைய சீலிங் ஃபேன் பதின்மூன்று மணி நேரம், 9 வாட் எல்இடி பல்பு 111 மணி நேரம், எல்லாம் ஒரே ஒரு யூனிட்தான். அதையே உடல் உழைப்பில் சொல்கிறேன். நல்ல உடல்கட்டுள்ள ஓர் ஆள் தொடர்ந்து சைக்கிள் மிதித்தால் 75 வாட் அளவுக்குச் சக்தி தர முடியும். அப்படியானால் ஒரு யூனிட்டுக்கு அவர் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் மிதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் யூனிட் நமக்கு மலிவாகத் தெரிகிறது. அதற்குள் எவ்வளவு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது மறந்துபோகிறது.

இந்த ஒரு நாளால் எவ்வளவு மிச்சமாகும்? இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் ஆகும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 4 யூனிட். மாதம் ஒரு நாள் என்றால் ஒரு பில்லுக்கு 8 யூனிட் குறையலாம். அதுவும் துவைப்பதையும் தேய்ப்பதையும் மறுநாளைக்குத் தள்ளிவைக்காமல் இருந்தால்தான். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. 8 யூனிட்டுக்கு ஐந்தரைக் கிலோ. வேண்டாமென்று தள்ளக்கூடிய அளவில்லை, ஆனாலும் சிறியதுதான். ஆகவே மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் இதைச் செய்ய வேண்டாம். நம் வீட்டில் மின்சாரம் எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்ப்பதற்காகச் செய்யுங்கள். பிறகு வரப்போகும் மிச்சமெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

பார்ப்பதை மீட்டரிலிருந்து தொடங்குங்கள். டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே ஒரு எண் அச்சாகியிருக்கும். பல மீட்டர்களில் அது 3200. விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். இப்போது வீட்டில் எல்லா விளக்கையும் ஃபேனையும் அணையுங்கள், ஃப்ரிட்ஜையும் சிறிது நேரம் நிறுத்துங்கள். டிவியை எப்போதும்போல் ரிமோட்டில் மட்டும் அணைத்துவிட்டு, மீட்டர் முன்னால் வந்து நில்லுங்கள். விளக்கு இன்னமும் மின்னிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி, இன்வெர்ட்டர் எல்லாம் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். நிமிடத்துக்கு ஒரு முறை மின்னுகிறது என்றால் ஏறக்குறைய 19 வாட். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் இரவு பகலாக ஓடினால் அது 27 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் நூறில் கால் பங்குக்கு மேல் யாருக்கும் பயனில்லாமல் போய்விடுகிறது. சுவரில் இருக்கும் சுவிட்சை அணைப்பதற்கு ஒரு செலவும் கிடையாது.

அப்புறம் எது அதிகம் தின்கிறது என்று தெரிய வேண்டும். இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. சூடாக்குவதும் குளிராக்குவதும் நிறைய எடுக்கும், வெளிச்சமும் பேச்சும் கொஞ்சமாக எடுக்கும். கீசர் அரை மணி நேரத்தில் ஒரு யூனிட்டைத் தீர்த்துவிடும். ஒன்றரை டன் ஏசி நல்ல வெயில் நாளில் மணிக்கு ஒரு யூனிட் பக்கம் எடுக்கும். செல்போனை ஒரு யூனிட்டில் நாற்பது தடவை சார்ஜ் செய்யலாம். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட்தான், அரை மணி நேரம் ஓடினாலும் பத்தில் ஒரு யூனிட் ஆகாது.

அந்தக் கடைசிக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கரண்ட் இல்லாத நாள் என்றதும் பலர் பரணிலிருந்தும் கொல்லையிலிருந்தும் ஆட்டுக்கல்லைத் தேடி எடுக்கிறார்கள். ஆட்டுக்கல்லில் அரைத்த மாவில் இட்லி பஞ்சு மாதிரி வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரைக்கப்போவது யார்? பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். முக்கால் மணி நேரம் அவர்கள் தோள் வலிக்க ஆட்டினால் மிச்சமாவது பத்தில் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. வீட்டிலுள்ள ஆண்கள் செல்லை அணைத்துவிட்டுத் திண்ணையில் காற்று வாங்க, பெண்கள் தலையில் எல்லா வேலையும் விழுகிற நாளாக இது ஆகிவிடக் கூடாது. கிரைண்டரும் மிக்ஸியும் வந்தபோது மின்சாரம் உண்மையாகவே யாருக்கு விடுதலை தந்தது என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். அன்றைக்கு மாவு வேண்டாம். முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குப் பழைய சோறு, தொட்டுக்கொள்ள மோர்மிளகாயோ நார்த்தங்காயோ. மதியத்துக்கு வத்தக்குழம்பு, அம்மியில் கைப்பிடி அளவு துவையல். மீன் சாப்பிடுகிறவர்கள் காலையில் வாங்கி அன்றே குழம்பு வைத்துவிடலாம், அது மறுநாளைக்கும் தாங்கும். அம்மியில் யார் உட்காருவது, தண்ணீர் யார் தூக்குவது என்பதை முதல் நாளே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் என்றேன். டெல்டாவில் இந்த நாளின் பெரிய பாடம் தண்ணீர்தான் என்று நினைக்கிறேன்.

காலை எழுந்து குழாயைத் திறந்தால் டேங்க்கிலிருந்து தண்ணீர் கொட்டும். அது மேலே ஏறியது மோட்டாரால். அன்று ஒரு நாள் மோட்டார் போடக் கூடாது, முதல் நாள் நிரப்பிய டேங்க்கையும் தொடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகரங்களில் ஓர் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசின் அளவுகோல். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர், அதாவது பதினைந்து லிட்டர் வாளியில் 36 வாளி. கிணற்றிலிருந்து சகடையில் கயிறு போட்டு இறைத்துப் பாருங்கள். பத்தாவது வாளிக்குள் உள்ளங்கை சிவந்துவிடும். அதன் பிறகு பாத்திரம் கழுவுகிற தண்ணீரை வாழை மரத்துக்குத் திருப்பிவிடச் சொல்லி யாரும் உங்களுக்கு உபதேசம் செய்ய வேண்டியதில்லை. கிராமங்களில் வீட்டுக்குழாய்த் திட்டம் வைத்திருக்கும் அளவு ஆளுக்கு 55 லிட்டர். நாலு பேருக்கு 15 வாளிக்குள் அடங்கிவிடும். கையால் இறைக்கும் நாளில் எந்த வீடும் தானாகவே அந்த அளவுக்கு வந்து நிற்கும்.

இப்போது வயலுக்கு வாருங்கள். டெல்டாவின் பாசனம் முழுவதுமே மின்சாரம் இல்லாமல் ஓடும்படி அமைந்தது. மேட்டூரில் திறந்தால் முக்கொம்பு, கல்லணை, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மதகு, மதகிலிருந்து வயல். நிலத்தின் மெல்லிய சரிவே வேலை முழுவதையும் செய்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட யாரும் மேலே தூக்க வேண்டியதில்லை. ஆற்றுத்தண்ணீர் பாய்ந்த காலத்தில் ஒரு மா நிலம் நனைய எத்தனை யூனிட் என்று கேட்டால் பைத்தியமா என்று பார்த்திருப்பார்கள்.

குறுவைக்காக ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020இல்தான் மறுபடி அந்த நாளில் திறந்தார்கள். ஆறு வராத ஆண்டுகளில் குறுவை போட்டவர்கள் போர்வெல் வைத்திருந்தவர்கள்தான். ஐந்து எச்பி மோட்டார் மணிக்கு நாலு யூனிட்டுக்கு மேல் எடுக்கும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் ஆறு மணி நேரம் ஓடினால் 25 யூனிட் பக்கம், அதாவது நாம் மேலே சொன்ன வீடு ஆறு நாளைக்கு எடுக்கும் அளவு. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்தக் கணக்கு எந்தப் பில்லிலும் வருவதில்லை. இதில் விவசாயியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்று காயும்போது யாராக இருந்தாலும் மோட்டாரைப் போடத்தான் செய்வார். நான் சொல்ல வருவது, டெல்டாவில் மின்சாரச் சிக்கனம் பேசுகிறவர்கள் பல்பில் ஆரம்பித்துப் பல்பிலேயே முடிக்கக் கூடாது. தூர்ந்துபோன ஒரு வாய்க்காலைத் தூர்வாரி, ஆற்றுத்தண்ணீர் கடைமடை வரை தானாகப் போய்ச் சேர வைத்தால், அந்தப் பகுதியில் எத்தனை மோட்டார் எத்தனை நாள் ஓடாமல் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்த எல்இடி பல்பாலும் அதற்கு ஈடு கட்ட முடியாது.

தண்ணீருக்கும் கரண்டுக்கும் உள்ள முடிச்சை இந்தப் பகுதி ஒரு முறை கொடூரமாகப் பார்த்திருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து நாள்கணக்கில் கம்பம் நட்டார்கள். உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. மக்கள் தவித்தது வெளிச்சத்துக்கு இல்லை, தண்ணீருக்கு. மேல்நிலைத் தொட்டியை நிரப்ப ஜெனரேட்டர் ஒவ்வோர் ஊராகப் போக வேண்டியிருந்தது. அடிபம்பும் கிணறும் உயிரோடு இருந்த தெருக்கள் கொஞ்சம் மூச்சு விட்டன. பேரிடரில் கரண்ட் போவதும், நாமாக ஒரு நாள் நிறுத்துவதும் ஒன்றல்ல. அந்தத் துயரத்தைச் சிக்கன வாழ்க்கை என்று யாரும் அழகுபடுத்த வேண்டாம். ஆனால் நாமாக நிறுத்தும் நாள், அப்படி ஒன்று மறுபடி வந்தால் வீட்டில் எது கைகொடுக்கும், எது கைவிடும் என்று முன்கூட்டியே காட்டிவிடும்.

வெளிச்சத்துக்கு என்ன செய்வது? மண்ணெண்ணெய் விளக்கு வேண்டாம். அரிக்கேன் பார்க்க அழகுதான். ஆனால் ஒரு எல்இடி பல்பு தரும் வெளிச்சத்தில் சிறு பங்குகூட அதில் வராது, புகை நெஞ்சுக்கு ஆகாது, எரிவதும் பெட்ரோலியம். கடையில் வாங்கும் மெழுகுவத்தியும் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருவதுதான். கூடத்தில் ஒரு குத்துவிளக்கை நல்லெண்ணெய் விட்டு ஏற்றி வைத்தால் நடமாடப் போதும். பிள்ளைகள் படிப்பதைப் பகலிலேயே முடித்துவிடட்டும். வெயிலில் சார்ஜ் ஆகும் சின்ன சோலார் விளக்கு ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. இன்வெர்ட்டரில் ஓட்டுவது கணக்கில் சேராது. பேட்டரிக்குள் போகும் மின்சாரத்தில் நாலில் ஒரு பங்காவது சூடாகிக் கரைந்துவிடும், அதனால் நேரடியாக எடுப்பதைவிட அது அதிகச் செலவு. ஜெனரேட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சமையலுக்கு கேஸ் அடுப்பு இருக்கட்டும், ஒரு நாளுக்காக விறகு மூட்டிப் புகையில் உட்கார வேண்டியதில்லை.

முதல் தடவை செய்கிறவர்கள் தை, மாசியில் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் வேண்டாம். கடற்காற்று வரும் வரை கொதிக்கும், புழுக்கத்தில் எல்லோருக்கும் வெறுத்துப்போய்விடும். கொசுவுக்கு வலை கட்டுங்கள். நொச்சிப் புகையெல்லாம் சம்பா வயலுக்குப் பக்கத்து வீட்டில் கொஞ்ச நேரம்தான் தாக்குப்பிடிக்கும். அன்று இரவு இன்னொன்றும் தெரியும். ஓட்டு வீட்டில், முற்றம் வைத்த பழைய வீட்டில் ஃபேன் இல்லாமல் எப்படியோ தூங்கிவிடலாம். கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய வெயிலை இரவு பத்து மணிக்குத்தான் உள்ளே இறக்கும். மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதோ கீற்று வேய்வதோ ஏசி வாங்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டியவை என்பது அந்த இரவில் உடம்புக்கே புரியும்.

நிறுத்தக் கூடாதவை உண்டு. ஆக்சிஜன் கருவி, நெபுலைசர் போன்றவற்றை நம்பி யாராவது இருந்தால் அந்த வீட்டில் இந்தச் சோதனையே வேண்டாம். கைக்குழந்தையும் முடியாத பெரியவர்களும் இருந்தால் அவர்கள் அறையில் ஃபேன் ஓடட்டும். இன்சுலின் வைத்திருப்பவர்கள் ஃப்ரிட்ஜை அணைக்க வேண்டாம். மற்றவர்கள் ஃப்ரிட்ஜையும் நிறுத்துவதானால், கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும் என்று தெரிந்துகொண்டு, முதல் நாளே காலி செய்துவிடுங்கள்.

பகலைவிட மாலைதான் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்சி வெயிலில் சூரிய மின்சாரம் நிறையக் கிடைக்கிறது. சூரியன் மறைந்ததும் எல்லா வீட்டிலும் விளக்கும் டிவியும் ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்கும். ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை அந்த இடைவெளியை அடைப்பது அனல்மின் நிலையங்களும் அணைத் தண்ணீரும்தான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது, நம் டெல்டாவுக்குள்ளேயே குத்தாலத்திலும் திருமக்கோட்டையிலும் எரிவாயு எரிகிறது. முழு நாள் முடியாதவர்கள் மாலை ஆறிலிருந்து பத்து வரை மட்டும் செய்தாலும் அதற்குப் பொருள் உண்டு. பராமரிப்பு மின்தடை நாளையே எடுத்துக்கொண்டு, ஐந்து மணிக்குக் கரண்ட் வந்த பிறகும் நாலைந்து மணி நேரம் அப்படியே நீட்டினால் தொடங்குகிறவர்களுக்குச் சுலபம்.

மறுநாள் காலை ரீடிங்கைக் குறித்துக்கொண்டு, எது இல்லாமல் உண்மையில் கஷ்டப்பட்டோம் என்று வீட்டில் பேசுங்கள். பெரும்பாலும் ஃபேனும் தண்ணீரும்தான் வரும். பழைய 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு பிஎல்டிசி என்ற புது வகை மோட்டார் வைத்த 30 வாட் ஃபேன் மாட்டினால், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் குறையும். மாதம் ஒரு நாள் இருட்டில் இருந்து மிச்சம் பிடித்ததைப்போல நாலு மடங்கு. மாடியில் சோலார் போட நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பேட்டரி இல்லாத, லைனோடு இணைத்த சாதாரண அமைப்பு, லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு.

தண்ணீருக்கு என் பரிந்துரை அடிபம்பு. போர் மோட்டார் வந்ததும் பல வீடுகளில் அடிபம்பைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆற்றோர ஊர்களில் நீர்மட்டம் இருபது அடிக்குள் இருந்தால் சாதாரண அடிபம்பே போதும். உறிஞ்சி இழுக்கும் பம்பு 25 அடிக்குக் கீழே இழுக்காது, காற்றழுத்தத்தால் அவ்வளவுதான் தள்ள முடியும். அதற்கும் கீழே என்றால் சிலிண்டர் தண்ணீருக்குள்ளேயே இறங்கியிருக்கும் இந்தியா மார்க் 2 வகை வேண்டும், தெருவில் அரசு போட்டிருப்பது அதுதான். புதிதாகத் துளை போடுவதற்கு முன்னால், கொல்லையில் பழைய குழாய் மூடிக் கிடக்கிறதா என்று பாருங்கள். பொருத்திய பிறகு சும்மா விட்டால் உள்ளே உள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கி, அடித்தால் காற்றுதான் வரும். ஒரு சொம்புத் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டே வேகமாக அடித்தால் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு நாளாவது அடித்துக்கொண்டிருந்தால் வாஷரும் நாள்பட வரும்.